காடு வெட்டியவருக்குக் காணி எங்கே?

எங்கிருந்து வந்தது? — வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் காட்டுக்குள் போய்க் குடிசை போட்டு ஐந்து வருடம் பயிர் செய்தவருக்கு அரசாங்கமே அந்தக் காணியை எழுதிக் கொடுத்ததாகச் சரித்திரப் பாடத்தில் படித்தேன். பெரகல மலையில் காடு வெட்டினது நம்ம பூட்டன்மார்தான் என்று எங்க அப்பாயி சொல்வார். அப்படியென்றால் எங்களுக்கு ஏன் காணி இல்லை?
— பாடசாலை மாணவி, பெரகல

பதில்: தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்த சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்டார். சிறிய பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு 160 ஏக்கர் வரை கேட்கலாம். வீடு கட்டி, ஐந்து வருடம் அங்கேயே இருந்து பயிரிட்டால் காணி அவர் பெயருக்கு வந்துவிடும். குடும்பத்தைத் தாங்கி நிற்பவர் பெண்ணாக இருந்தால் அவரும் மனுப் போடலாம். அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளைத் துரத்திவிட்டுத்தான் இந்தத் தாராளம் நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இலங்கையில் அதற்கு 22 வருடம் முந்தியே ஒரு சட்டம் வந்துவிட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, யாரும் குடியிருக்காத நிலம் எல்லாம், வேறொருவருக்குச் சொந்தம் என்று நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியவை என்றது அது. எழுத்தில் உறுதி இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்துவந்த சிங்களக் கிராமத்தவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? ஊவாவில் இது இன்னும் கொடுமை. 1817–18 கிளர்ச்சியை அடக்கியபோது வெள்ளைக்காரப் படை ஊர்களை எரித்து, வயல்களை அழித்து, சனத்தைச் சிதறடித்திருந்தது. பிறகு அதே மண்ணைப் பார்த்து ‘ஆளில்லாத நிலம்’ என்றார்கள்.

அப்படிக் கைக்கு வந்த காட்டை முதலில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். 1844இல் 20 ஷில்லிங்காக்கினார்கள். வாங்கியவர்கள் அரசாங்க உத்தியோகத்தர், பட்டாள அதிகாரிகள், வியாபாரிகள். அமெரிக்கச் சட்டம் உழுது குடியிருக்கும் குடும்பத்தைத் தேடியது. இங்கே வந்த சட்டம் முதல் வைத்திருப்பவனைத் தேடியது. உங்கள் பூட்டன் இந்தக் கணக்குக்குள் ஆளாகவே வரவில்லை. கங்காணி பிடித்து வந்த கூட்டத்தில் ஒரு தலை, அவ்வளவுதான். அவர் கடல் தாண்டி வந்து கரையில் கால் வைத்தபோதே கையில் இருந்தது கடன்: வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவர் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தது.

கேள்வி: அந்தக் காலத்தில் இந்தச் செங்குத்து மலையில் எப்படிக் காடு வெட்டினார்கள்?
— தோட்டத் தொழிலாளி, ஹல்துமுல்லை

பதில்: ஹல்துமுல்லையிலிருந்து பெரகல சந்தி வரை வந்து, அப்புத்தளைக்கு ஏறும் ஏ16 வீதியில் நின்று கீழே பார்த்தால் அந்தச் சரிவு எத்தகையது என்று யாருக்கும் புரியும். 1840களுக்குப் பிறகு கோப்பிக்காக அதை வெட்டிய முறையைத் துரைமாரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேலை மலையடிவாரத்தில் தொடங்கும். ஒவ்வொரு மரத்தையும் கோடாலியால் பாதிக்கு மேல் கொத்தி, சாயவிடாமல் அப்படியே நிறுத்திவிட்டு அடுத்த மரத்துக்கு ஏறுவார்கள். இப்படியே உச்சி வரை. உச்சி வரிசையில் நிற்கும் பெரிய மரங்களை மட்டும் முழுசாக வெட்டித் தள்ளுவார்கள். அது கீழே நிற்கும் கொத்துப்பட்ட மரத்தின் மேல் விழும். அது அதற்கும் கீழே உள்ளதைச் சாய்க்கும். கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் முழுவதும் முறிந்து இறங்கிவிடும். நடுவில் சிக்கிக்கொண்டவர் தப்புவது கடினம்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. கோடாலி வேலையில் பெரும்பகுதியைக் கிராமத்துச் சிங்களவர் குத்தகைக்கு எடுத்துச் செய்தார்கள். தமிழ்ச் சனமும் வெட்டியது. வெட்டி முடிந்த பிறகு வரும் நீண்ட வேலைதான் முழுக்க முழுக்க நம்மவர் முதுகில் விழுந்தது. மரம் காய்ந்ததும் நெருப்பு வைத்து, கரிந்த கட்டைகளுக்கு நடுவே கயிறு பிடித்து முளை அடித்து, ஒன்றரை அடிக் குழி தோண்டி, நாற்று நட்டு, மழைநீர் மண்ணை அரிக்காமல் கான் வெட்டி, பாதை போட்டு, கல் அடுக்கினார்கள். இன்றைக்கும் பழைய மலைகளில் பாசி பிடித்து நிற்கும் கற்கட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் கையால் தூக்கி வைத்தது.

இருக்க இடம்? கம்பு நட்டு, மண் பூசி, மானாப்புல் வேய்ந்த குடிசை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு, அட்டைக்கும் பனிக்கும் நடுவில் அந்தக் குடிசையில் படுத்தது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு மட்டும் சுமார் 150 மைல் காட்டுவழி நடை. அங்கே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் செத்துப்போனவர்கள் ஏராளம். ஊவாவுக்கு வருகிறவருக்கு மாத்தளையோடு பயணம் முடிவதுமில்லை. அப்புத்தளைக்குக் கோச்சி வந்ததே 1893இல்தான்; பதுளைக்கு 1924இல்.

கேள்வி: ஆண்கள் மட்டும் வந்து போன காலம் போய், குடும்பம் குடும்பமாகத் தங்கிவிட்டது எப்போதிலிருந்து?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

பதில்: ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து என்று சொல்லலாம். அந்தக் கதையின் முதல் பக்கமும் உங்கள் ஊவாவில்தான் இருக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பிச் செடிகளில் இலையின் அடிப்புறம் செம்மஞ்சள் பொடியாகப் படிந்தது. கோப்பி இலைத்துரு நோய். அது பரவி, ஏறக்குறைய இருபது வருடத்தில் இலங்கைக் கோப்பியையே முடித்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு மேலே டம்பேத்தன்னையை வாங்கினார்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் கூட்டம் வேண்டும். ஆண்கள் வருவார்கள், அறுவடை முடிந்ததும் காசை முடிந்துகொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். தேயிலைக்குப் பருவம் ஓயாது. வாரத்துக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்ப வந்து கொழுந்து எடுத்தாக வேண்டும், வருடம் முழுவதும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண் வந்தால் பிள்ளை வரும். பிள்ளை வந்தால் குடும்பம் திரும்பிப் போகாது. தோட்ட நிர்வாகங்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பெரிய கங்காணிக்குத் தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு கிடைத்தது. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். குடும்பம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டித்தான் குடும்பத்தை எடுத்துக்கொள்ளும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

மானாப்புல் குடிசை இருந்த இடத்தில் லயம் எழுந்ததும் இந்த மாற்றத்தோடுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசையாகக் கட்டினால் செலவு மிச்சம் என்பதால், பின்பக்கம் சன்னலே இல்லாமல் போனது. புகை போக வழியில்லை. மகன் கல்யாணம் கட்டினால் அதே காம்பராவுக்குள் ஒரு சேலையைத் தொங்கவிட்டு மறைப்புப் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் குடும்பத்தின் ஒரு நாளைப் பாருங்கள். இருட்டோடு தப்புச் சத்தம் கேட்கும். அம்மா எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, தேத்தண்ணி ஊற்றி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடுவாள். படங்கைக் கட்டி, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மலை ஏறுவாள். அப்பாவுக்குக் கவ்வாத்தோ, கான் வெட்டோ, முள்ளுக் குத்தோ. அவர் வேலை பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அவளுக்கு அந்தி நிறுவை முடிய வேண்டும். அதன் பிறகு விறகு, அடுப்பு, பிள்ளைகள். இத்தனைக்கும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றுதான் சட்டப்படியே வைத்திருந்தார்கள். சம கூலி 1984இல்தான் வந்தது. ஊவாவில் கச்சான் காற்று வறட்டி வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம், தனி விலை. அந்த மணத்துக்கு முதல் உரிமைக்காரி அவள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: லயத்துக்கு முன்னால் மரக்கறிப் பாத்தி போடுகிற வழக்கம் எப்படி வந்தது?
— குடும்பத் தலைவி, பூனாகலை

பதில்: உழவர் குடியில் பிறந்தவர்கள் சும்மா கிடக்கும் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? கான் ஓரத்தில், லயத்தின் பின்மேட்டில் போஞ்சி, கரட், பீர்க்கு என்று போட ஆரம்பித்தார்கள். இரண்டு மாடும் கட்டினார்கள். நிர்வாகம் கண்டும் காணாமலும் விட்டது. சம்பளம் போதாத குறையை அந்தப் பாத்தி கொஞ்சம் அடைத்தது. ஆனால் ஒருநாள் அந்த இடம் தேயிலைக்கு வேண்டும் என்றால் பிடுங்கிவிடலாம். காம்பராவும் அப்படித்தான், வேலையோடு ஒட்டியது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் அதில் நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் பெரியப்பா குடும்பம் கூடலூரில் இருக்கிறது. குடும்பம் இரண்டாகப் பிரிந்த கதை எங்கே தொடங்கியது?
— கடை உதவியாளர், பதுளை

பதில்: ஓட்டுப் பெட்டியில். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. உங்கள் பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த வருடமே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறப்புப் பதிவையும் பரம்பரையையும் கடதாசியில் நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவரிடம் அந்தக் கடதாசி ஏது? நாடற்றவர் ஆனார்கள், ஓட்டும் போனது. அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களில் வறண்ட வலயத்துக் காடுகளைத் திருத்தி விவசாயக் குடும்பங்களுக்குக் காணி பகிர்ந்த காலத்தில், நாட்டின் ஏற்றுமதிக்கே முதுகு கொடுத்த இந்தச் சனத்துக்கு அதில் இடமில்லை.

1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974இல் இரண்டு அரசாங்கங்களும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப் போன கோச்சிக்குச் சனம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல், கூடலூர் இருக்கும் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதுதான். உங்கள் பெரியப்பா தலைமுறை அங்கும் போய் மலையில் தேயிலை நட்டது. அங்கும் தோட்டத்து வீட்டில் குடியிருந்தது. இங்கே மிஞ்சியவர்களுக்கு இந்தக் குடியுரிமைச் சிக்கல் முழுமையாகத் தீர 2003 வரை ஆனது.

கேள்வி: தோட்டக் குடும்பத்துக்கு வீட்டுக் காணியாக ஏழு பேர்ச் என்றார்களே, அது எவ்வளவு? அது போதுமா?
— இளைஞர், கொஸ்லாந்தை

பதில்: ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. முதல் கேள்வியில் வந்த அமெரிக்கக் குடியேறிக்குக் கிடைத்த 160 ஏக்கரை ஏழு பேர்ச்சாக வெட்டினால் 3,657 மலையகக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். அதனால் போதுமா என்ற கேள்விக்கு என் பதில், போதாது. வீடு கட்டலாம், நாலு பாத்தி போடலாம், பிழைக்க முடியாது. ஆனாலும் அந்தத் துண்டு நிலம் அற்பமானதில்லை. 1977 மே 11 அன்று தலவாக்கலை டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியை அரசாங்கம் சுவீகரிப்பதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். தனக்கென ஒரு சாண் நிலம் இல்லாதவர், வேலை செய்த மண் கைமாறக் கூடாது என்று நின்றார்.

கொஸ்லாந்தைக்காரருக்கு மீரியபெத்தையை நான் சொல்லித் தரத் தேவையில்லை. 2014 அக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிற நேரம், மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சனம் ஏன் போகவில்லை என்று அப்போது கொழும்பில் சிலர் கேட்டார்கள். எங்கே போவார்கள்? சொந்தக் காணி உள்ளவருக்குத்தான் ஆபத்து வரும்போது விற்கவோ, அடகு வைக்கவோ, வேறிடம் பார்க்கவோ முடியும். லயத்துக்காரர் காம்பராவை விட்டால் வேலையும் போச்சு, கூரையும் போச்சு.

இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களில் முதலில் 4,000 தனி வீடுகள் என்றார்கள். 2017 மேயில் மேலும் 10,000 அறிவித்தார்கள். உங்கள் தோட்டத்தில் பட்டியல் போடும்போது வீட்டுச் சாவியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். காணி உறுதி எப்போது, எந்தத் தோட்டத்தின் எந்தத் துண்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் வர வேண்டும் என்றும் கேளுங்கள். மலைச்சரிவு ஆபத்து பற்றிய அறிக்கையைப் பார்த்த பிறகே அத்திவாரம் வெட்டச் சம்மதியுங்கள். தோட்டப் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், பாட்டன் காலத்துச் சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டு எது வீட்டில் இருந்தாலும் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். 1948இல் கடதாசி இல்லை என்றுதான் இவ்வளவையும் பறித்தார்கள்.