தகவலுக்கும் பாடு வேண்டும்: பழவேற்காடு சொல்லும் பாடம்



பொன்னேரிப் பக்கம் நாலு ஏக்கரில் பாரம்பரிய நெல் வைக்கிறவன் நான். மீன் அமிலம் போட மீன் கழிவு வேணும். அதற்காக மாதம் ஒரு தடவையாவது பழவேற்காடு போய்விடுவேன். கழிவு ஒரு பங்கு, நாட்டு வெல்லம் ஒரு பங்கு போட்டு மூடி வைத்தால் இருபத்தொரு நாளில் அமிலம் தயார். இது நமக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதிதான். ஆனா, நான் இங்கே எழுத வந்தது அமிலத்தைப் பற்றி இல்லை, கைப்பேசியைப் பற்றி.

போன வருஷம் ஒருநாள் வழக்கமாகக் கழிவு தரும் அக்கா என்னிடம், "தம்பி, உன் போனுல பாரு. இன்னிக்கு மெட்ராஸ்ல நண்டு இன்னா வெல?" என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொன்னேன். அங்கே கரையில் கொடுக்கும் விலையைவிட நிறையவே அதிகம். அக்கா சிரித்தார். "தெரிஞ்சு இன்னா பண்றது? வலை வாங்க முன்பணம் வாங்கியாச்சு. வாங்குன எடத்துலதான் கொட்டணும்."

இணையம் வந்தால் ஏழை வாழ்வு உயரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வளரும் நாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கூடுதலாக அகன்ற அலைவரிசை கிடைத்தால் பொருளாதார வளர்ச்சி 1.38 சதவீதப் புள்ளி கூடும் என்று உலக வங்கி 2009-இல் ஒரு கணக்கே போட்டது. அந்த வளர்ச்சி யார் வீட்டு உலையில் கொதிக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அக்காவின் சிரிப்பில் இருந்தது.

என் தப்பு

அந்தச் சிரிப்பு என்னை ஏன் குத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-க்குப் பிறகு கைப்பேசி இணையம் மலிவானது. நானும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். சென்னையில் உள்ள குடும்பங்களுக்கு மாப்பிள்ளை சம்பா, கிச்சிலி சம்பா அரிசியை நேரடியாகக் கொடுத்தேன். வியாபாரி தந்ததைப்போல் இரண்டு மடங்கு விலை கிடைத்தது. பக்கத்து வயல்காரர் என்னைப் பார்த்துத்தான் இயற்கைக்கு மாறியவர். அவரும் அதே நெல்தான் வைத்தார். அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது. மூட்டைகளை வியாபாரியிடமே போட்டார். இரண்டு போகம் நஷ்டப்பட்டு மறுபடி யூரியாவுக்குப் போய்விட்டார்.

நான் அவருக்கு விதை கொடுத்தேன், ஜீவாமிர்தம் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். என் குழுவில் இருந்த வாடிக்கையாளர்களை மட்டும் கொடுக்கவில்லை. விதையைப் பகிர்ந்தவன் தகவலைப் பூட்டி வைத்தேன்.

தகவல் எங்கே பலன் தந்தது?

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கடற்கரையிலேயே இரண்டு நல்ல பாடங்கள் கிடைத்தன.

முதல் பாடம் வட கேரளம். 1997-லிருந்து 2001-க்குள் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களுக்குச் செல்போன் வந்தது. இணையம் இல்லை, வெறும் பேச்சுதான். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் அங்கே மத்தி மீன் விற்பனையைக் கவனித்து 2007-இல் எழுதினார். போன் வருமுன், 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். 15 கிலோமீட்டருக்குள் இருந்த கரைகளில் அதே நேரம் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பப் பார்த்தார்கள். போன் வந்த பிறகு கடலில் இருந்தபடியே விலை கேட்டு எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

அங்கே ஏன் பலித்தது? விலை தெரிந்ததோடு படகைத் திருப்பும் சுதந்திரமும் அவர்களுக்கு இருந்தது. முன்பணத்தில் கட்டுண்ட அக்காவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தகவல் மட்டும் போதாது. அதை வைத்து முடிவெடுக்கும் உரிமையும் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் புதுச்சேரி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி சரியில்லாத காலம். வில்லியனூரில் ஒரு தலைமை மையத்தை வைத்து, கம்பியில்லாக் கருவி மூலம் கிராமங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். இடத்தைக் கிராமம் தர வேண்டும். எல்லாச் சாதியினரும் உள்ளே வரும் பொது இடமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினம் மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியைத் தொடாதவர் காதுக்கும் செய்தி போனது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஓர் எச்சரிக்கை வந்தது. மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கரையைவிட்டு வெளியேறி ஆழிப்பேரலையிலிருந்து தப்பினார்கள். ஒரு போனுக்கு வந்த செய்தியை ஊர்ச் செய்தியாக்கியது அந்தப் பொது ஒலிபெருக்கிதான்.

பாடு என்னும் முறை

பொதுவில் வைப்பது என்றால் எப்படி? இதற்கு விடை பழவேற்காட்டிலேயே இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் நன்றாகப் படும் இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். வலிமையுள்ளவர் அதைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறு இடம் போவார். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை.

பாட்டை நான் புனிதமாக்கவில்லை. அதில் ஒரு சமூகத்தின் ஆண்களுக்குத்தான் பங்கு. தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. என் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தானே இருந்தது? முறை வைத்தால் போதாது, யார் வெளியே நிற்கிறார் என்றும் பார்க்கணும்.

இணையத்தால் ஆகாதவையும் உண்டு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் கடல் வெப்பத்தையும் பாசியின் அளவையும் பார்த்து, மீன் கூடும் இடங்களைச் சொல்கிறது. கடலுக்குப் போகிறவருக்கு அது உதவும், ஏரிக்குள் வலை கட்டுபவருக்கு உதவாது. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடினால் எந்தச் செயலியும் அதைத் திறக்காது. நமக்கும் அப்படித்தான். மண் செத்துப்போனால் வானிலைச் செய்தி பயிரைக் காப்பாற்றாது.

நாங்கள் செய்தது

ஊரில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம். என் குழுவை ஐவருக்கும் பொதுவாக்கினேன்.

1. வரும் ஆர்டரை முறை வைத்துக் கொடுக்கிறோம். இந்த வாரம் ஒருவர் அரிசி, அடுத்த வாரம் அடுத்தவர் அரிசி.

2. விலையை ஐவரும் சேர்ந்து வைக்கிறோம். ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்துச் சான்று சொல்கிறோம். பி.ஜி.எஸ். எனும் பங்கேற்பு உத்தரவாத முறையின் அடிப்படையும் இதுதான்.

3. குழுவைக் கவனிக்கும் வேலை மாதம் ஒருவர் வீட்டுக்கு மாறும். அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள்.

4. பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அன்றன்று பேசிச் சொல்கிறோம். மழை எச்சரிக்கையை டீக்கடைப் பலகையில் எழுதுகிறோம்.

5. அறுவடைக்கு முன் அவசரம் என்றால், வியாபாரியிடம் போகாமல் இருக்கப் பொது உண்டியலில் சிறுதொகை சேர்க்கிறோம். அக்கா சொன்ன முன்பணப் பாடம் இது.

ஆரம்பத்தில் என் வருமானம் குறைந்தது உண்மை. மறைக்க மாட்டேன். ஆனால் ஒருவரிடம் அரிசி தீர்ந்தாலும் இன்னொருவரிடம் இருப்பதால் வாடிக்கையாளர்கள் வேறு இடம் போவதில்லை.

கிராம சபையில் கேளுங்கள்

தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியாக இணையம் கொண்டுபோவது அரசின் திட்டம். கைப்பேசி இணையம் ஒருவர் கைக்குள் அடங்குவது. இந்தக் கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வருவது, அதாவது ஊருக்குப் பொதுவானது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே கேளுங்கள்: நம்ம ஊருக்கு இணைப்பு வந்துவிட்டதா? வேலை செய்கிறதா? எந்த அறையில் இருக்கிறது? பெண்களும் காலனிக்காரர்களும் கூச்சமில்லாமல் அங்கே உள்ளே போக முடியுமா? வரும் செய்தியைத் தமிழில் ஊருக்குச் சொல்வது யார்?

பக்கத்து வயல்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உடனே ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் போகத்தில் அரை ஏக்கரில் மட்டும் கிச்சிலி சம்பா போட்டிருக்கிறார். "வித்துத் தருவியா?" என்று கேட்டார். "நம்ம குழுவே வித்துத் தரும்ணே. ஆறாவது பாடு உங்களோடது" என்றேன்.

விதையைப் பூட்டி வைக்காதவர்கள் நாம். தகவலையும் பூட்டி வைக்க வேண்டாம்.