மதிப்பீட்டாளர் பெயர் தெரிய வேண்டுமா?

பொதுத் தேர்வில் உங்கள் விடைத்தாளைத் திருத்துபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அறிவியலறிஞர்களுக்கும் இத்தகைய தேர்வு ஒன்று உண்டு. ஆய்வுக் கட்டுரை வந்ததும், ஆய்விதழின் ஆசிரியர் அதை அத்துறையில் வல்ல ஓரிருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். இவர்களே மதிப்பீட்டாளர்கள். பல இதழ்கள் இவர்களுடைய பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிப்பதில்லை.

இத்தேர்வு ஐன்ஸ்டைனையும் விடவில்லை. 1936-இல் அவரும் நேதன் ரோசனும், 'ஈர்ப்பு அலைகள் இல்லை' என்ற முடிவுடன் ஒரு கட்டுரையை அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினர். அலைகளைக் கணக்கிட்டபோது சில இடங்களில் மதிப்பு முடிவிலியாகிவிட்டது; ஆகவே அத்தகைய அலைகள் இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

இதழாசிரியர் ஜான் டேட், கட்டுரையை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார். பத்துப் பக்க விமர்சனம் வந்தது. குறை அலைகளில் இல்லை, தேர்ந்துகொண்ட ஆயமுறையில்தான் இருக்கிறது என்றது அது. ஓர் உவமை கூறுவோம். வட துருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒன்றுகூடுகின்றன. அங்கே நிற்பவரின் தீர்க்கரேகை எது என்று கூற முடியாது. அதனால் பூமியில் அங்கே ஓட்டை இருக்கிறது என்போமா?

ஐன்ஸ்டைன் சினந்தார். அச்சிடுமுன் கட்டுரையைப் பிறருக்குக் காட்டத் தாம் அனுமதிக்கவில்லை என்று எழுதி, அதைத் திரும்பப் பெற்றார். ஆனால் பின்னர்ப் பிழையை உணர்ந்து, முடிவை மாற்றி, 1937-இல் வேறோர் இதழில் வெளியிட்டார். 2015-இல் ஈர்ப்பு அலைகள் கருவிகளிலேயே பதிவாயின!

அந்த மதிப்பீட்டாளர் யார்? ஐன்ஸ்டைன் வாழ்ந்த பிரின்ஸ்டன் நகரின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எச். பி. ராபர்ட்சன். அப்போது அவருக்கு வயது 33. இதழின் பழைய பதிவேட்டிலிருந்து 2005-இல்தான் இது உலகுக்குத் தெரிய வந்தது. அவர் 1961-இலேயே மறைந்துவிட்டார்.

இத்தகைய உழைப்பு மறைந்து கிடக்கலாமா என்று கேட்போர், 'திறந்த மதிப்பீடு' வேண்டும் என்கின்றனர். பெயர் வெளிப்பட்டால் பொறுப்புணர்வு வளரும். பொறாமையால் குறை கூறுவது குறையும் என்பது அவர்கள் கருத்து. மற்றவர்களோ அஞ்சுகின்றனர். இன்று நாம் குறை கூறும் பேராசிரியர், நாளை நமது வேலைக்கான நேர்காணலில் அமர்ந்திருந்தால்?

'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதனைச் சோதித்து, 1999-இல் முடிவை வெளியிட்டது. பெயரை வெளியிடுவதால் மதிப்பீட்டின் தரம் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஆனால் மதிப்பிட மறுத்தோர் தொகை கூடியது. எனினும் அவ்விதழ் பெயர் வெளியிடும் முறையையே மேற்கொண்டது. 'நேச்சர்' இதழ் 2025-இல் நடுவழி ஒன்றை வகுத்தது: புதிதாக வந்து ஏற்கப்படும் ஆய்வுக் கட்டுரைகளுடன் மதிப்பீடுகளும் வெளியாகும், பெயர் தருவது மதிப்பீட்டாளர் விருப்பம்.

இந்நடுவழியே நன்று என்பது என் எண்ணம். கருத்து ஊரறிய இருக்கட்டும். அப்போது அதன் சரி தவறை எவரும் சோதிக்கலாம். பெயரோ, எளியவர் வலியவரிடம் 'இது பிழை' என்று சொல்வதற்குத் தடையாகிவிடக் கூடாது.

சிந்திக்க: கையொப்பமிட வேண்டும் என்ற விதி 1936-இல் இருந்திருந்தால், ராபர்ட்சன் அந்தப் பத்துப் பக்கங்களை எழுதியிருப்பாரா? அவரிடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?