பழவேற்காட்டுத் தம்பிக்கு, வால்வு ஆம்ப் பற்றி



ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குப்பத்து வீட்டில் ஐந்து வாட் வால்வு ஆம்ப் ஒன்று இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்தது. 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, 5ஒய்3 ரெக்டிபயர் ஒன்று, எட்டு அங்குல ஸ்பீக்கர். ஃபெண்டர் சாம்ப் வகையறா. மகிமை மாதா கோயில் பாடகர் குழுவில் அதை வாசிக்க ஆசை, பாட்டு ஓய்ந்ததும் அது உறுமுவதுதான் தொல்லை என்கிறாய். கண்டென்சர் வாங்க ரிச்சி தெருவுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வா. ஆனால் உறுமல் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்டு வா. தெரியாமல் மாற்றும் ஒவ்வொரு பாகமும் வீண்செலவு. நல்ல பழைய இணைப்பைக் கெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

நீ வாசிக்கிறவன், உன் காதே முதல் மீட்டர். தடித்த ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டு. அது ஜி, 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுரத்தை ஒட்டி மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிபயர் இரண்டு அரை அலைகளையும் எடுத்துக்கொள்வதால், சரியாக வடிகட்டப்படாத டிசியில் மிஞ்சும் அலை 100 ஆகிறது. அப்போது சந்தேகம் ஃபில்டர் கண்டென்சர்கள் மேல். உறுமல் ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் அது 50: ஹீட்டர் கம்பி, எர்த் சுற்று, டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம், கிட்டார் பிக்கப் என்று தேட வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் இதே கணக்கு 60, 120 என்று இருக்கும், குழம்பிவிடாதே. சின்ன ஸ்பீக்கர் 50-ஐ முழுதாகத் தராது என்பதால் அடுத்த சோதனையையும் செய்.

கிட்டாரைக் கழற்றிவிட்டு வால்யூமை மெல்ல ஏற்று. கூடவே உறுமலும் ஏறினால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், முதல் கட்டத்தில். அசையாமல் நின்றால் ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7-ஐ உருவிவிட்டு மறுபடி போடு. அப்போதும் அதே உறுமல் என்றால் பவர் சப்ளையோ 6வி6 கட்டமோதான் காரணம். ஸ்பீக்கர் இணைப்பை மட்டும் எப்போதும் கழற்றாதே, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

சேசிஸைத் திறக்குமுன் ஒன்று. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்து, ஒவ்வொரு ஃபில்டர் கண்டென்சர் மேலும் சில விநாடி வை. பிறகு மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கை வை. இதில் அவசரம் காட்டினால் அடுத்த கடிதத்துக்கு ஆளிருக்காது, தம்பி. வேலை முடிந்து முதல்முறை போடும்போது, மெயின்ஸில் தொடராகக் கட்டிய ஒரு பல்பு (சீரீஸ் லேம்ப்) வழியாகப் போடு.

பழைய ஆம்பின் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் உள்ளே காய்ந்திருக்கும். சோதித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. இந்த வகை ஆம்பில் 16, 8, 8 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்று இருக்கும். மூன்றுக்கும் 22 போடலாம். உறுமல் ஒழியட்டும் என்று முதல் இடத்தில் 100 போட்டுவிடாதே. மின்னூட்டம் ஏறும் ஒவ்வொரு நொடியிலும் அந்தச் சுமையை 5ஒய்3 தாங்க வேண்டும், அதன் ஆயுள் போய்விடும்.

ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் கம்பிகளைப் பார். பழைய சின்ன ஆம்ப்கள் பலவற்றில் ஒரு முனையை சேசிஸில் கட்டி, ஒற்றைக் கம்பி ஓட்டியிருப்பார்கள். அந்த எர்த்தை அவிழ்த்துவிட்டு இரண்டு கம்பிகளையும் இறுக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிக் கொண்டு போ. ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை எர்த்துக்குக் கட்டு. பைலட் லேம்ப்பின் ஒரு கால் சேசிஸில் தொட்டிருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு முனைகளின் சமநிலை கெட்டுவிடும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். உன் ஊர் வேறு. அங்கே இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். காற்றில் வரும் உப்பு சாக்கெட்டிலும் டேக் போர்டிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. ஈரம் ஏறும் வேளையில் அந்தப் படலம் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. மெகாஓம் கணக்கில் நிற்கும் கிரிட் முனைக்கு, ஹீட்டர் காலிலிருந்து நூறு மெகாஓம் வழியாக வரும் கசிவுகூடப் போதும், உறுமல் கேட்கும். நண்பகலில் அடங்கியும் இரவுக் காற்றில் கூடியும் ஒலித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவை. வால்வுக் கால்களில் எமரி தாள் போடாதே. மேல்பூச்சு போனால் உப்புக் காற்று கால்களை எளிதில் அரித்துவிடும்.

சேசிஸில் எர்த் கம்பிகள் சேரும் போல்ட் ஒவ்வொன்றையும் கழற்று. வாஷருக்குக் கீழே துரு வளையம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளையமே ஒரு ரெசிஸ்டர். உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கு. முதல் ஃபில்டரின் எர்த் பவர் டிரான்ஸ்பார்மர் பக்கமும், 12ஏஎக்ஸ்7-இன் எர்த் இன்புட் ஜாக் பக்கமும் சேரட்டும். இரண்டும் ஒரே கம்பியில் ஓடினால் ஃபில்டரின் அலை கிட்டார் சிக்னலோடு கலந்துவிடும்.

பழைய இரண்டு பின் கார்டு இருந்தால் மூன்று பின்னாக மாற்று. மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் இருந்தால் வெட்டி எறி. ஆனால் சுவரில் உள்ள எர்த் துளைக்குப் பின்னால் எர்த் இருக்கிறதா? உங்கள் உப்பு மண்ணில் எர்த் நன்றாக இறங்கும், அதே உப்பு ஜிஐ பைப்பையும் கம்பி சேரும் போல்ட்டையும் தின்றுவிடும். நல்ல வயர்மேனை வைத்துச் சோதித்துக்கொள். கோயிலில் மைக் செட்டோடு சேர்க்கும்போது உறுமல் கூடினால், இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகு. தீராவிட்டால் நடுவே ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போடச் சொல். எர்த் பின்னை உடைத்தால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள், நிற்கவும் கூடும். கிட்டாரின் எஃகுக் கம்பி சேசிஸோடு சேர்ந்தது என்பதை நினைத்துக்கொள். கம்பியைத் தொட்ட கையோடு பாடகரின் உதடு மைக்கைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்காதே.

உன் ஆம்ப் 110 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால், 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரை நாலடி தள்ளி வை, பிக்கப் அதன் புலத்தை வாங்கிக்கொள்ளும். ஆம்பின் சொந்த டிரான்ஸ்பார்மர் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியதாக இருந்தால் நம் 50-இல் அதிகம் சுடும், இரும்பே அதிரும். அந்த அதிர்வு ஸ்பீக்கர் வழியாக வருவதில்லை, கண்டென்சர் மாற்றித் தீராது. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டிவிட்டோ, டியூப் லைட் சோக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோ ஆம்பைக் குறை சொல்லாதே.

எல்லாம் செய்தாலும் கொஞ்சம் மிஞ்சும். 6வி6 ஒற்றையாக வேலை செய்கிறது. புஷ்-புல்லில் இரண்டு வால்வுகள் ஒன்றின் அலையை ஒன்று அடித்துக்கொள்ளும், இங்கே அந்த வசதி இல்லை. கடைசிப் பெஞ்சில் கேட்கவில்லையென்றால் அதோடு நிறுத்திவிடு. சுரத்தின் நிறத்தைக் கெடுத்து அமைதி வாங்காதே.

வரும்போது எழுதிக்கொண்டு வா: 12ஏஎக்ஸ்7-ஐ உருவியபோது என்ன ஆனது, வால்யூமுக்கு உறுமல் அசைந்ததா, டிரான்ஸ்பார்மர் மேல் 50 என்று எழுதியிருக்கிறதா 60 என்றா. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவோம்.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து உன் அண்ணன்