உங்களுக்காக ஜெபிக்கிறோம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எரேமியா புத்தகத்தை ஆற அமர வாசிப்பவர்கள் ஓரிடத்தில் திகைத்து நின்றுவிடுவார்கள். இந்த ஜனத்துக்காக விண்ணப்பம் செய்ய வேண்டாம் என்று கடவுளே தீர்க்கதரிசியைத் தடுக்கிறார். ஒரு தடவை அல்ல. 7, 11, 14ஆம் அதிகாரங்களில் மூன்று தடவை. 15ஆம் அதிகாரத்தில் அதற்கும் ஒரு படி மேலே போய், மோசேயும் சாமுவேலும் வந்து நின்றாலும் மனம் இரங்கப்போவதில்லை என்கிறார். மக்களுக்காகப் பரிந்து பேசுவதில் அந்த இருவரை மிஞ்சியவர்கள் இஸ்ரவேலில் இல்லை.

ஆனாலும் பிறருக்காக ஜெபிப்பதை அதே வேதாகமம் பக்கத்துக்குப் பக்கம் வற்புறுத்துகிறது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில், "எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல் யாரும் விடைபெறுவதில்லை. பிள்ளையின் பரீட்சைக்கு, மகளின் பிரசவத்துக்கு, விசா நேர்காணலுக்கு, தகப்பனாரின் இருதய ஆபரேஷனுக்கு என்று ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமக்கும் நல்ல வழக்கம் இது. ஆனால் அதைச் சுற்றி, வேதத்திலும் இல்லாத, திருச்சபைகளின் போதனையிலும் இல்லாத எண்ணங்கள் பல வளர்ந்து நிற்கின்றன. அவற்றில் சில துக்க வீட்டாரைக் குற்றவாளிகள் ஆக்குகின்றன. சில உயிரையே வாங்கியிருக்கின்றன.

நம்பிக்கை: விசுவாசத்தோடு ஜெபித்தால் நோயாளி பிழைத்தே தீருவார், பிழைக்காவிட்டால் விசுவாசக் குறைவு.

பத்சேபாள் பெற்ற குழந்தை நோயில் விழுந்தபோது தாவீது ராஜா உபவாசம் இருந்து, இரவெல்லாம் தரையில் கிடந்து மன்றாடினார். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன் மேல் கைவைத்து ஜெபித்து அவரைக் குணமாக்கியவர் பவுல். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறார். ஒரே அப்போஸ்தலர், ஒரே விசுவாசம். ஒருவர் எழுந்தார், ஒருவர் எழவில்லை. துரோப்பீமுவிடம் விசுவாசம் குறைந்திருந்தது என்று பவுல் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் குழந்தைகளைக் காக்கும் பணியைத் தொடங்கியபோது அவருக்கு வலக்கையாக நின்றவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே விதவையானவர். நெய்யூரில் இருந்த கைக்குழந்தைகள் விடுதியைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவருக்குப் புற்றுநோய் கண்டது. யாக்கோபு நிருபம் சொல்கிறபடியே எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வெள்ளைப் புடவை உடுத்திய பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வெற்றியின் அடையாளமாகப் படுக்கையின் குறுக்கே ஒரு குருத்தோலையை வைத்தார்கள். கடவுள் எந்தப் பதிலைத் தந்தாலும் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த ஜெபத்தை ஏறெடுத்தார்கள்.

அன்றிலிருந்து வலி கூடியது. 1915இல் பொன்னம்மாள் இறந்தார்.

அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று டோனாவூரின் கதை தெரிந்த எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஏமி அம்மையாரே 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையிலேயே முடங்கிக் கிடந்தார். ஊரே அவருக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி சுவிசேஷங்களிலும் உண்டு. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய சம்பவத்தில் இயேசு கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசரு எந்த விசுவாசத்தைக் காட்டியிருக்க முடியும்? ஆகவே குணமாகாத நோயாளியைப் பார்த்து "உனக்கு விசுவாசம் இல்லை" என்பது வேத போதனை அல்ல. யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் பாதிக்கப்பட்டவன் மேலேயே பழி போட்டார்கள். முடிவில் கடவுளின் கோபம் அவர்கள் மேல் திரும்பியது. யாரைக் குற்றம் சாட்டினார்களோ அந்த யோபு அவர்களுக்காக ஜெபித்த பிறகுதான் அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. துக்க வீட்டுக்குப் பேசப் போகிறவர்கள் யோபு புத்தகத்தின் இந்தக் கடைசி அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

நம்பிக்கை: ஜெபிக்கிறவர்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பலன் கூடும்.

சங்கிலி ஜெபம், முழு இரவு ஜெபம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஏறெடுக்கும் ஜெபம் எல்லாம் ஒற்றுமைக்கு நல்லவை. ஆனால் எண்ணிக்கையைக் காட்டிப் பதிலைக் கட்டாயப்படுத்தலாம் என்று எண்ணினால் அது தவறு.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1872இல் இங்கிலாந்தின் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வி எழுப்பினார். ஆங்கிலிக்கன் ஆலயங்களில் வாரந்தோறும் அரசருக்கு நீண்ட ஆயுள் வேண்டி ஜெபிக்கிறார்கள். அப்படியானால் அரச குடும்பத்தார் மற்ற வசதி படைத்தோரைவிட அதிக நாள் வாழ்கிறார்களா? அவருடைய பட்டியலில் அரச குடும்பத்தின் சராசரி ஆயுள் 64 வருஷம்தான், மற்ற எல்லாப் பிரிவினரையும்விடக் குறைவு. ஆயுளைத் தீர்மானிக்கும் வேறு காரணங்கள் நூறு இருப்பதால் இதை நல்ல ஆய்வு என்று சொல்ல முடியாது. 1988இல் ராண்டால்ஃப் பேர்ட் என்ற மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் 393 இருதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, ஜெபம் பெற்றவர்கள் சில அளவீடுகளில் தேறியதாகச் சொன்னது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை.

இந்த வகை ஆய்வுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று, ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். இரண்டு பிரிவினரிடம், உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். அந்த இரண்டில் ஒரு பிரிவுக்கு ஜெபம் நடந்தது, மற்றதற்கு நடக்கவில்லை. மூன்றாம் பிரிவிடம் நிச்சயமாக ஜெபிக்கிறோம் என்று சொல்லியே ஜெபித்தார்கள். மூன்று கிறிஸ்தவ ஜெபக் குழுக்களுக்கு நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் போயின. 14 நாள் ஜெபம். விளைவு: ஜெபம் நடந்தது தெரியாதவர்களில் 52 சதவீதம் பேருக்கும், ஜெபமே நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம். ஜெபக் குழுவையே கூப்பிடுகிற அளவுக்கு நம் நிலை மோசமோ என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒருவர் கருதினார்.

இந்த எண்களை வைத்துக் கடவுள் கேட்பதில்லை என்று முடிவு கட்டவும் வழியில்லை. ஜெபம் நடக்காத பிரிவு என்பது பெயருக்குத்தான். அவர்களுடைய மனைவி மக்கள் வீட்டில் முழங்காலில் நின்றதை எந்த ஆய்வாளரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் இத்தனை பேர், இத்தனை நாள், இன்ன வார்த்தை என்று கணக்கிட்டு ஜெபித்தால் இன்ன பலன் கைமேல் வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஆய்வு தெளிவான பதில் தந்துவிட்டது. கர்த்தரைப் பரீட்சை பார்க்க வேண்டாம் என்பது உபாகமத்திலேயே உள்ள கட்டளை. சோதோமுக்காக 50 பேரில் தொடங்கி 10 பேர் வரை கடவுளிடம் பேசிப் பார்த்தவர் ஆபிரகாம் ஒருவரே. அவருக்குப் பின்னால் கூட்டம் இல்லை. அவர் கேட்ட அளவுக்கு நீதிமான்கள் இல்லாததால் ஊரும் தப்பவில்லை.

நம்பிக்கை: பெரிய ஊழியக்காரர் ஜெபித்தால்தான் கேட்கப்படும்.

எலியாவும் நம்மைப் போன்ற பாடுள்ள மனுஷன்தான் என்று யாக்கோபு எழுதியது இந்த எண்ணத்தை முறிக்கத்தான். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன், ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். பேதுரு அவனைக் கடிந்துகொண்டு, நீயே மனந்திரும்பி வேண்டிக்கொள் என்றார். அவனோ, நீங்கள் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பொறுப்பை அப்போஸ்தலர்கள் தலையில் வைத்தான். இன்றைக்கும் அப்படிக் கேட்பவர்கள் ஏராளம்.

கத்தோலிக்கர்கள் புனிதர்களின் பரிந்துரையை நாடுகிறார்கள். அங்கேயும் புனிதர் வேண்டுகிறார், கொடுப்பவர் கடவுள் என்பதே போதனை. பூசைக் காணிக்கை விஷயத்தில் வியாபாரத்தின் சாயல்கூட வரக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 947ஆம் விதி சொல்கிறது. காணிக்கை கொடுக்க வழியில்லாதவர்களின் கருத்துக்காகவும் குருக்கள் பூசை வைக்க வேண்டும் என்று 945ஆம் விதி பரிந்துரைக்கிறது. ஜெபத்துக்குக் கட்டணம் வைக்கிறவர் இந்தப் போதனைக்கே விரோதமாக நடக்கிறார்.

நம்பிக்கை: நாம் விடாமல் ஜெபித்தால் அடுத்தவர் மனம் மாறியே ஆகவேண்டும்.

குடிக்கிற கணவனுக்காக, வழிதவறிய மகனுக்காக வருஷக்கணக்கில் அழுது ஜெபிக்கிற பெண்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் எல்லாருக்கும் உதாரணமாகச் சொல்லப்படும் பெயர் மோனிக்கா. மகன் அகுஸ்தீனுக்காக அழுதவர். 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் மகன் ஞானஸ்நானம் பெறுவதைக் கண்டவர். அதே வருஷம் இறந்தவர். ஆனால் கதையின் நடுப்பகுதியைப் பலர் சொல்வதில்லை. மகன் ரோமுக்குக் கப்பலேறக் கூடாது என்று கடற்கரை ஆலயத்தில் ஒரு ராத்திரி முழுக்க மன்றாடினார் மோனிக்கா. அந்த ராத்திரியே அகுஸ்தீன் தாயிடம் பொய் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். அந்தப் பயணம் கடைசியில் அவரை மிலானில், அம்புரோசிடம் கொண்டு சேர்த்தது. தாய் அன்றிரவு கேட்டது கிடைக்கவில்லை. மனம் மாறும் முடிவும் அகுஸ்தீன் தாமே, தம் நேரத்தில் எடுத்ததுதான்.

நோவா, தானியேல், யோபு மூவரும் ஒரு நாட்டில் இருந்தாலும் தங்களை மட்டுமே தப்புவிப்பார்கள் என்கிறது எசேக்கியேல் 14ஆம் அதிகாரம். பேதுருவின் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசுவே வேண்டிக்கொண்டார். இருந்தும் அன்றிரவு பேதுரு மறுதலித்தார். பிறகு திரும்பி வந்தார். இன்னொருவரின் சுயசித்தத்தை ஜெபம் பறித்துக்கொள்வதில்லை. ஆகவே அடிக்கிற கணவன் திருந்தும்வரை ஜெபித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே பொறுத்திரு என்று ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்வது பாவம். அவளுக்குப் பாதுகாப்பான இடமும் சட்ட உதவியும் தேடிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் ஜெபிக்கலாம்.

நம்பிக்கை: இறந்தவருக்காக எந்தக் கிறிஸ்தவரும் ஜெபிக்கக் கூடாது, அல்லது ஜெபித்தால் யாரையும் மீட்டுவிடலாம்.

இரண்டுமே சரியல்ல. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் இறந்தோருக்காகச் செபிப்பதற்கு 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம் ஆதாரம். அந்தப் புத்தகம் புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை. அந்தச் செபமும் உத்தரிக்கும் ஸ்தலத்தில் இருப்போருக்கே உதவும், நரகத்தில் இருப்போரை எட்டாது என்பதே கத்தோலிக்கப் போதனை.

நம்பிக்கை: ஜெபக் குறிப்பு என்றால் எதையும் எல்லாருக்கும் சொல்லலாம்.

ஒரு பெண்ணின் கருச்சிதைவோ, ஒரு பையனின் மனநலச் சிகிச்சையோ, அவர்களைக் கேட்காமலே சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. ஜெபிக்கப் பெயர் மட்டும் போதும். சம்மதம் இல்லாமல் விவரம் பகிர்வது புறம்பேசுவதே.

நம்பிக்கை: ஜெபிக்கிறோம், ஆகவே மருந்து தேவையில்லை.

ரீட்டா ஸ்வான் என்ற அமெரிக்கப் பெண்ணும் அவர் கணவரும், மருந்தைத் தவிர்த்து ஜெபத்தால் குணமாகலாம் என்று போதிக்கும் கிறிஸ்டியன் சயன்ஸ் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1977இல் அவர்களுடைய 16 மாதக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. குணமாக்கும் ஜெபத்தைத் தொழிலாகச் செய்பவர்களை நம்பிக் காத்திருந்து, காலம் கடந்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிழைக்கவில்லை. ரீட்டா அந்தச் சபையை விட்டு வெளியேறி, சேத் ஆஸர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1975க்கும் 1995க்கும் இடையில், மத நம்பிக்கையால் சிகிச்சை மறுக்கப்பட்டு இறந்த 172 அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றியது அது. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, சிகிச்சை கிடைத்திருந்தால் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கக்கூடிய நோய்கள்.

வேதமோ மருந்தை விலக்கியதில்லை. மரணத் தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டு 15 வருஷம் கூட்டித் தரப்பட்டபோதும், ஏசாயா அவருடைய பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

ஜெபம் மருத்துவத்துக்கு வழிகாட்டிய கதையும் நம்மிடம் உண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தார்கள். அவர் டாக்டர் அல்ல. அவருடைய தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டரை அவர்கள் வீட்டுக்குள் விடச் சம்மதிக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்த ராத்திரியில் ஐடா தூங்காமல் ஜெபித்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், 1899இல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அவருடைய வைத்தியசாலைதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் அங்கே தொடங்கினார்.

இன்சுலினையோ, காசநோய் மாத்திரையையோ, வலிப்பு மருந்தையோ விசுவாசத்தின் பேரில் நிறுத்தச் சொல்கிறவர் எத்தனை பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்காதீர்கள். சபையில் யாருக்காவது அப்படிச் சொல்லியிருப்பது தெரிந்தால், ஜெபத்தில் வைப்பதோடு நின்றுவிடாமல், அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.