முனைவர் பட்டம்: ஒரு கேள்வியோடு சில ஆண்டுகள்



போன தீபாவளிக்கு கோலா கங்சார் வீட்டுக்குப் போனப்ப பாட்டி கேட்டாங்க: "இன்னும் எத்தனை வருஷம்யா படிப்ப?" நான் இயந்திரவியல் கடைசி ஆண்டு மாணவன். வேலைக்குப் போவதா, முனைவர் படிப்பில் சேர்வதா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதனால் ரப்பரை வைத்தே விளக்கினேன்.

நம்ம ஊர் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீங்க. அந்த ரப்பரில் ஒரு சின்ன விஷயம். டயர் போன்ற கருப்பு ரப்பரை ஒரு தடவை பலமாக இழுத்து விட்டால், அடுத்த தடவை அது இன்னும் சுலபமாக நீளும். ஏன்? எவ்வளவு? லெனார்ட் முல்லின்ஸ் 1940-களில் இதை ஆழமாக ஆராய்ந்தார். இன்று அதற்குப் பெயரே 'முல்லின்ஸ் விளைவு'.

இதனால் யாருக்கு என்ன லாபம்? 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தை இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல் நிறுத்தினார்கள். ரப்பரும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கிய தாங்கி அது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். நிலம் பக்கவாட்டில் ஆடினால் வளைந்து கொடுக்கும். முதல் குலுக்கலில் உள்ள விறைப்பு அடுத்ததில் குறையும். எவ்வளவு குறையும் என்று தெரியாமல் கட்டடத்தை அதன்மேல் வைக்க முடியுமா?

முனைவர் படிப்பும் இப்படித்தான். இளங்கலையில் நாம் போடும் கணக்குக்கு விடை ஏற்கெனவே உண்டு. இங்கே விடை யாரிடமும் இல்லை. ஆராய்ச்சி வழியில் படித்தால், கடைசியில் ஆய்வேட்டை எழுதி, தேர்வாளர்கள் முன் வாய்மொழியாக நிலைநாட்ட வேண்டும். வழக்கமாக முதுகலை முடித்துத்தான் சேர்வார்கள். இளங்கலையில் 3.67 அல்லது அதற்கு மேல் புள்ளி இருந்தால் நேரடியாகச் சேர்க்கவும் வழி உண்டு. பல்கலைக்கழகம் தனியாக மதிப்பிட்டு முடிவு செய்யும்.

சேர்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள்:

1. சில ஆண்டுகள் சலிக்காத கேள்வி இருக்கிறதா?
2. அந்தத் துறை தெரிந்த, நேரம் ஒதுக்கும் மேற்பார்வையாளர் கிடைப்பாரா?
3. சாப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்?

மூன்றாவதில்தான் நான் நிற்கிறேன். அடுத்த வருஷம் தங்கை பல்கலைக்கழகம் போகிறாள். உதவித்தொகை கிடைக்காவிட்டால் முதலில் வேலைக்குப் போவேன், கேள்வியை விடமாட்டேன். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட மட்டும் ஆசை என்றால், இந்தப் பாதை வேண்டாம்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டி சொன்னாங்க: "நாங்க பால் எடுத்ததோட சரி. அது என்னான்னு நீ பாரு."

பயிற்சி: உங்கள் துறையில், ஆசிரியரும் "தெரியாது" என்று சொல்லும் ஒரு கேள்வியை இந்த மாதம் எழுதி வையுங்கள்.