முதுமையும் நடையும்

நடை என்னுஞ் சொல் நம் மொழியிற் பல பொருள் தருவது. காலாற் செல்லுதலும் நடை; ஒழுக்கமும் நடை; எழுதுவோனது உரைப்போக்கும் நடை. 'நடையுடையாய் இருக்கும்போதே போய்விடவேண்டும்' என்று நம் பாட்டன் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கின்றோம். இவ்விருப்பத்தின் உட்பொருளை ஆராயின், பிறர் கையை எதிர்பார்த்துக் கிடத்தற்கு அவர் அஞ்சும் அச்சமே அதன்கண் விளங்கும். அவ்வச்சத்தைக் குறைத்தற்குரிய எளிய வழிகளுள் ஒன்று, ஊர்ப்புறத்து வழிகளில் நாடோறும் நடந்து வருதல். அதன் பயனையும் முறையையும் இவ்வுரையில் ஆராய்வாம்.

முதற்கண் உடலின் இயல்பை நோக்குவோம். முப்பது வயது கடந்தபின் மனிதரது தசை பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தேய்கின்றதென மருத்துவ நூலார் கூறுவர். அறுபதுக்கு மேல் அத்தேய்வு பின்னும் விரையும். அதனை முற்றுந் தடுத்தல் எவர்க்கும் இயலாது. எனினும், வேலை பெற்ற தசை மெல்லத் தேயும். வேலையற்ற தசை விரைந்து தேயும். சின்னாள் படுக்கையிற் கிடந்த முதியவர் எழுந்து நிற்கத் தடுமாறுவது இதனாலாம். கெண்டைக்காற் றசை ஒவ்வோர் அடியிலும் இறுகித் தளர்ந்து, காலிலுள்ள குருதியை நெஞ்சை நோக்கித் தள்ளுகின்றது. எலும்பும் உடற்பாரத்தைத் தாங்குதலாலேயே தன் உறுதியைக் காக்கின்றது. இனி, நாம் விழாது நிற்றற்குக் கண்ணும், உட்செவியும், உள்ளங்காலும் மூளைக்கு இடைவிடாது செய்தி அனுப்புகின்றன. மேடுபள்ளமான மண்வழியில் நடக்குங்கால் இம்மூன்றும் ஒருங்கே பயிற்சி பெறும். வழுவழுப்பான வீட்டுத் தரையிலே நடப்போர்க்கு அப்பயிற்சி அத்துணைக் கிட்டுவதன்று.

இதற்குச் சான்று வேண்டுவார்க்கு ஒன்று கூறுவோம். ஜெரி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் கூட்டத்தாரும் இலண்டன் நகரத்துப் பஸ் தொழிலாளரை ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். ஈரடுக்கு வண்டியில் நாள் முழுதும் அமர்ந்திருந்த டிரைவர்களைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்துவந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவே கண்டது. அவ்வாறே, கடிதங் கொண்டு தெருத்தெருவாய்ச் சென்ற தபாற்காரர், நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதியவரினும் நலமுற்றிருந்தனர். இம்முடிபை வெளியிட்ட மாரிஸ் 1910-இற் பிறந்து 2009-இல், தமது 99-ஆம் வயதில் இறந்தார்.

அண்மையில், 2019-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மூதாட்டியர் பதினாறாயிரவர்க்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. அவர்தம் வயதின் சராசரி 72. நாளொன்றுக்கு 2,700 அடி வைத்தோரினும் 4,400 அடி வைத்தோரிடையே, ஆய்வு நிகழ்ந்த ஆண்டுகளில், இறப்பு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. அடிகள் பெருகப் பெருகப் பயனும் பெருகி, 7,500 அடியளவில் நின்றது. நடந்தமையால் நலம் பெற்றனரோ, நலம் உடைமையால் நடந்தனரோ என்று ஐயுறுவார் உளர். ஆராய்ந்தோரும் அதனையுணர்ந்து, முன்னரே இருந்த நோய்களையும் கணக்கிற் கொண்டே முடிபு கூறினர். ஐயம் முற்றும் அகலாவிடினும், பதினாயிரம் அடி வைத்தாலன்றிப் பயனில்லையென மலைப்பார்க்கு இஃது ஆறுதலாகும். பதினாயிரம் என்னும் எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணுங் கருவியொன்றின் பெயரால் பரவியதேயன்றி மருத்துவர் வகுத்ததன்று.

காலேபின் வரலாற்றைத் திருமறை வாசிப்போர் அறிவர். நாற்பதாம் வயதில் நாட்டை வேவுபார்க்கச் சென்ற அப்பெரியார், எண்பத்தைந்தாம் வயதில் யோசுவாவின்முன் வந்து தமக்குரிய பங்கை வேண்டினார். அவர் கேட்டது எபிரோன் மலைநாடு. இடைப்பட்ட 45 ஆண்டுகளும் வனாந்தர வழிநடையிலும் போரிலும் அவர்க்குக் கழிந்தன என்பது கருதத்தக்கது. நம் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரோ, ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்கு ஏது கூறுமிடத்து, மனையாளும் மக்களும் ஏவலரும் அரசனும் ஊர்ச்சான்றோரும் தமக்கு வாய்த்தமையையே கூறினார். கவலையற்ற உள்ளமும் நல்லோர் கூட்டமும் முதுமையைத் தாங்கும் என்பது அவர் கருத்து. காந்தியடிகள் 1930-இல் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைக்கு ஏறத்தாழ 240 மைல் நடந்தபோது அவர்க்கு வயது அறுபது. அந்நடை 24 நாள் நிகழ்ந்தது.

இத்தகைய நடைக்கு மதுரையைச் சூழ்ந்த நாட்டுப்புறம் மிக ஏற்றது. கீழக்குயில்குடியிற் சமணர்மலை அடிவாரத்துத் தாமரைக்குளமும், ஆலமர நிழலும், ஐயனார் கோவிலும் தளர்ந்த காலினரையும் வருகவென அழைப்பன. ஏற வல்லார் பாறையில் வெட்டிய படிகளின் வழியே பேச்சிப்பள்ளத்தை அடைந்து, வரிசையாய்ச் செதுக்கப்பட்ட சமணத் திருவுருவங்களையும் அவற்றின்கீழுள்ள வட்டெழுத்துக்களையும் காணலாம். யானைமலை அடியில் 770-ஆம் ஆண்டிற் குடைந்தமைத்த நரசிங்கப்பெருமாள் கோவில் உளது. மலையை விரும்பாதார்க்குக் கண்மாய்க்கரைகள் உள. ஒருபுறம் நீரும் மறுபுறம் வயலுமாக, பனைநிழலிற் கொக்கும் நாரையும் நோக்கிச் செல்வார்க்கு வழியின் நீளந் தோன்றாது. 2010-ஆம் ஆண்டு தொடங்கிய பசுமை நடை என்னும் இயக்கத்தார், இம்மலைகளுக்கு மக்களை அழைத்துச் சென்று அவற்றின் வரலாற்றை விளக்கி வந்துள்ளனர். காலுக்கு வேலையும் அறிவுக்கு விருந்தும் ஒருங்கே கிடைத்தல் இதன் சிறப்பு.

இனி நடக்கும் முறை. அறுபத்தைந்து கடந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை உடல் சற்று வெதும்பும்படி இயங்குதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது; வாரத்தில் மூன்று நாளேனும் நிலைதவறாமைக்குரிய பயிற்சியும் வேண்டுமென்றது. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பின் கீழெல்லை நிறைவுறும். நெடுநாள் இருந்தவிடத்திலேயே இருந்தவர் பத்து நிமிடத்திற் றொடங்கிச் சிறிது சிறிதாய்க் கூட்டுக. உடன்வருவாரோடு பேச முடியவேண்டும். கீர்த்தனை பாட முடியலாகாது. அதுவே தக்க விரைவு. வெயில் ஏறுமுன் புறப்படுக. பங்குனி, சித்திரையில் காலைப்பொழுதை நழுவவிட்டவர் மாலைவரை பொறுக்க. குடிநீர் உடன் கொள்க. நீரிழிவுடையார்க்கு உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருத்தல் கூடுமாதலின், அவர் வெறுங்காலோடு செல்லலாகாது. திரும்பியதும் பாதங்களில் புண் உண்டோவென நோக்குக. நெஞ்சு நோவோ, மூச்சிரைப்போ, தலைச்சுற்றோ தோன்றின் அக்கணமே நின்று, மருத்துவரை நாடுக. கோல் ஊன்றுதற்கு நாணவேண்டுவதில்லை. கோலூன்றி நடப்பவர் நடக்கின்றாரன்றோ?

இங்கு இளையோராகிய நம் கடமையொன்றுண்டு. பெற்றோரைக் கனம்பண்ணுவாயாக என்னுங் கட்டளையை நாம் சிறுபருவத்திலேயே மனப்பாடஞ் செய்துள்ளோம். ஆயின், 'நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்துவருகிறேன்' என்று தண்ணீர்ச் செம்பு முதலாக யாவற்றையும் அவர் கையிற் கொடுத்து, அவரை ஒரு நாற்காலியில் இருத்திவிடுதலையே கனமென்று கருதுகின்றோம். விழுந்துவிடுவாரோவென்னும் அன்பின் அச்சமும் இதற்கு ஏதுவாம். அவ்வச்சம் பொய்யன்று, முதியோரின் இடுப்பெலும்பு முறிதல் பெருந்துன்பந் தருவதே. எனினும் இருத்தலால் தசை தேயும். தசை தேய்தலால் நிலை தளரும். நிலை தளர்தலால் வீழ்ச்சி நேரும். வீழ்ச்சிக்கு அஞ்சிச் செய்ததே வீழ்ச்சிக்கு வழி தேடுகின்றது. ஆதலின் அவரைத் தடுப்பதைவிட அவரோடு செல்லுதலே மேல். அவரது அடிக்கேற்ப நம் அடியைக் குறைத்துக்கொள்வது நமக்கும் பொறுமை பயிற்றும். அவ்வரைமணியில், இந்தக் கண்மாயிற் றாம் நீந்திய கதையும், இந்த மரத்தை நட்டார் பெயரும், எந்நூலிலுங் காணாத பிறவும் நாம் கேட்கலாம்.

நடப்பார் இருந்தால் மட்டும் போதாது. நடக்க வழியும் இருத்தல் வேண்டும். குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்படுகின்றன, கண்மாய்கள் மனைகளாகின்றன. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் நிகழ்ந்து, ஊரார் எதிர்த்து நின்றமையால், 2025 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. மக்கள் காலடி படும் மலையைக் காப்பார் பலராவர். எவரும் செல்லாத மலை உடைபடினும் கேட்பாரிலர்.

நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், வீட்டு முதியோர்க்குத் தின்பண்டம் வாங்கிச் செல்கின்றோம். அதனோடு காலைதோறும் அரைமணி நேரத்தையும் கொடுப்போமாக. கண்மாய்க்கரை வரையேனும் அவர் கைப்பற்றி நடந்து வருவோமாக. நடையுடையாய் இருத்தல் வேண்டும் என்னும் அவர்தம் வேண்டுதல் நிறைவேறுதற்கு நம்மாலாவது அதுவே.