ஈயக் குண்டை எப்படிப் பிடிப்பது?



ஒரு முட்டையைச் சுவரில் வீசினால் உடையும். அதே முட்டையை அதே வேகத்தில், இரண்டு பேர் தளர்வாகப் பிடித்திருக்கும் படுக்கை விரிப்பில் வீசினால் என்ன ஆகும்? உடையாது. செமினியில் நான் பாடம் நடத்தும் படிவம் 4 மாணவர்களோடு இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்து பார்க்கிறோம். விரிப்பின் கீழ் விளிம்பை மட்டும் தொட்டில்போல் மடித்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விரிப்பில் பிழைத்த முட்டை தரையில் விழுந்து உடையும்.

இவ்வாண்டு சோதனை முடிந்ததும் ஒரு மாணவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அதில் ஒரு பெட்டியின் படம் வரைந்திருந்தான்.

"டீச்சர், பத்து மீட்டர் துப்பாக்கிச் சுடுதல் போட்டியைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளயே பழகலாம்னு நெனைக்கிறேன். குண்டு வெளியே போகாம இருக்க இந்தப் பெட்டி. ஆகக் கெட்டியான இரும்புத் தகடு எவ்வளவு தடிப்புல போடணும்?"

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருந்தன. ஒன்று சட்டம் பற்றியது, மற்றொன்று இயற்பியல் பற்றியது. இரண்டையும் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

நம் நாட்டில் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அன்று. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் அதுவும் ஓர் ஆயுதமே. காவல்துறையின் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். இணையத்தில் எளிதாக விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, பிறகு வருந்திப் பயனில்லை. இந்த விளையாட்டைப் பழக விரும்புகிறவர்கள் பெற்றோரோடு சென்று, முறையாகப் பதிவு பெற்ற துப்பாக்கிச் சுடும் மன்றத்தில் சேர்ந்து, பயிற்றுநரின் கண்காணிப்பில் பழக வேண்டும்.

அப்படிப் பழகி உயர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. மலேசியாவின் நூர் சூர்யானி முகமட் தாய்பி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் கலந்துகொண்டபோது எட்டு மாதக் கர்ப்பிணி. அதே ஒலிம்பிக்கில் சென்னையில் பிறந்த ககன் நரங் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு அவருடைய பெற்றோர் வீட்டிலேயே ஒரு சுடுதளம் அமைத்துக் கொடுத்திருந்தார்கள்.

மன்றமானாலும் வீட்டுச் சுடுதளமானாலும், இலக்கு அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இன்றைய பாடம்.

சிறிய குண்டு, பெரிய கணக்கு

போட்டிகளில் பயன்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பொருண்மை ஏறக்குறைய 0.53 கிராம். அது துப்பாக்கிக் குழலை விட்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இயக்கச் சக்தியின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்:

இயக்கச் சக்தி = ½ × பொருண்மை × வேகம் × வேகம்
= ½ × 0.00053 × 170 × 170
= ஏறக்குறைய 7.7 ஜூல்

இது பெரிய சக்தியா? 780 கிராம் அரிசிப் பை ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போதும் இதே அளவு சக்திதான். அந்தப் பை காலில் விழுந்தால் வலிக்கும், அவ்வளவே. ஆனால் ஈயக் குண்டு அதே சக்தி முழுவதையும் 16 சதுர மில்லிமீட்டர் பரப்பளவில், அதாவது ஒரு பச்சைப் பட்டாணியை விடச் சிறிய இடத்தில் இறக்குகிறது. ஆகவே அது தோலைத் துளைக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

தடுப்பது வேறு, பிடிப்பது வேறு

அந்த மாணவனின் எண்ணம் இதுதான்: வேகமாக வருவதை நிறுத்தக் கெட்டியான பொருள் வேண்டும். நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம். கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

செய்யப்படும் வேலை = விசை × தூரம். குண்டை நிறுத்த வேண்டுமானால் அதனிடமுள்ள 7.7 ஜூல் சக்தியையும் வாங்கிவிட வேண்டும். தூரம் குறைந்தால் விசை கூடும். தூரம் கூடினால் விசை குறையும்.

நேராக நிற்கும் இரும்புத் தகட்டில் மோதிய குண்டு 1 மில்லிமீட்டருக்குள் நிற்பதாகக் கொள்வோம். சராசரி விசை 7.7 ÷ 0.001 = 7,700 நியூட்டன். இது ஒரு சிறிய காரின் எடைக்கு நிகரானது.

அதே குண்டு அடுக்கடுக்கான பழைய துணிக்குள் புகுந்து 5 சென்டிமீட்டர் நகர்ந்து நின்றால், 7.7 ÷ 0.05 = 154 நியூட்டன். இது 15 கிலோ அரிசி மூட்டையின் எடை அளவே.

உந்தத்தின் வழியாகவும் இதைப் பார்க்கலாம். மலாய்மொழிப் பாடநூலில் நீங்கள் 'இம்புல்ஸ்' என்று படிப்பதும் இதையே. குண்டின் உந்தம் 0.00053 × 170 = 0.09 கிலோகிராம் மீட்டர்/நொடி. துணிக்குள் அது நிற்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய 0.0006 நொடி. உந்தத்தை நேரத்தால் வகுத்தால் 150 நியூட்டன் கிடைக்கிறது. இரண்டு வழிகளும் ஒரே விடைக்கு வந்து சேர்வதைக் கவனியுங்கள்.

முட்டையைக் காப்பாற்றிய படுக்கை விரிப்பும், பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கும் கிரிக்கெட் வீரரும், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சும் செய்வது இதே வேலையைத்தான். எல்லாம் தூரத்தைக் கொடுத்து விசையைக் குறைக்கின்றன.

கெட்டியான தகடு ஏன் ஆபத்து?

ஈயம் மென்மையான உலோகம். நேர்த் தகட்டில் மோதினால் நசுங்கும், சிதறும். சிதறிய துண்டுகளும் சில நேரம் குண்டே முழுமையாகவும் சுட்டவரை நோக்கித் திரும்பி வரலாம். எஃகுக் குண்டாக இருந்தால் நசுங்காது. பந்துபோல் எம்பித் திரும்பும். ஆகவே எஃகுக் குண்டை இரும்புத் தகட்டை நோக்கிச் சுடவே கூடாது. மரப்பலகையும் சில வேளைகளில் குண்டைத் திருப்பி அனுப்பும்.

சுவர் பலமாக இருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. குண்டு வெளியே போகவில்லை என்பது பாதிப் பாதுகாப்பு. திரும்பி வரக் கூடாது என்பது மீதிப் பாதி.

நல்ல பெட்டியின் அமைப்பு

மன்றங்களில் காணப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு உத்திகள் உள்ளன. இரண்டையும் சேர்த்தும் அமைக்கலாம்.

முதல் உத்தி, தளர்வாகத் தொங்கும் பொருள். இலக்கு அட்டைக்குப் பின்னால் பழைய கம்பளத்தை இரண்டு மூன்று அடுக்காக, மேல் விளிம்பை மட்டும் ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் குண்டு எளிதில் துளைத்துவிடும். தொங்கவிட்டால் கம்பளம் பின்னால் ஆடி, குண்டின் சக்தியை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் உத்தி, சாய்ந்த தகடு. 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகட்டை 45 பாகை சாய்வில் வைப்பார்கள். மேல் விளிம்பு சுடுபவர் பக்கமும் கீழ் விளிம்பு பெட்டியின் பின்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் குண்டு கூரைக்குப் போகும்! இந்தச் சாய்வில் குண்டின் வேகத்தில் ஒரு பகுதி மட்டுமே தகட்டை நேராகத் தாக்குகிறது. 170 × 0.707 = நொடிக்கு 120 மீட்டர். சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நேராக மோதும் சக்தி சரிபாதியாகிவிடுகிறது. மீதி வேகம் குண்டைக் கீழே திருப்பிவிடுகிறது. அங்கே மணல் அல்லது துணி நிரப்பிய தட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. இதுவும் படுக்கை விரிப்பின் மடித்த விளிம்பு போன்றதே.

அளவு தெரிய விரும்புகிறவர்களுக்கு: பெட்டியின் வாய் 30 சென்டிமீட்டர் சதுரம் என்றால், 45 பாகையில் சாயும் தகட்டின் நீளம் பைதகரஸ் விதிப்படி 42.4 சென்டிமீட்டர். முன்னால் கம்பளம் ஆடுவதற்கும் இடம் விட்டால் பெட்டியின் ஆழம் 40 சென்டிமீட்டராவது வேண்டும். மேலும் பக்கவாட்டிலும் முற்றாக மூடியிருக்க வேண்டும். குறி தவறிய குண்டு பெட்டிக்கு வெளியே படும் என்பதால் பெட்டியைச் சுற்றிலும் பின்னாலும் அகலமான தடுப்பு தேவை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நன்றாகச் சுடுபவர்தான் பெட்டியைச் சீக்கிரம் பழுதாக்குவார். ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான மையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளிதான். திறமையானவரின் குண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழும். அந்த இடத்தில் கம்பளம் ஓட்டையாகும். துணி நிரப்பிய பெட்டியென்றால் அங்கே பழைய குண்டுகள் சேர்ந்து கட்டியாகும். மென்மையான பெட்டிக்குள் நம்மை அறியாமலே ஒரு கெட்டியான சுவர் உருவாகிவிடும். அதனால்தான் பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்து, துணியை மாற்ற வேண்டும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சக்தி எங்கே போனது?

சக்தி அழியாது. குண்டின் 7.7 ஜூலில் ஒரு சிறு பகுதி நாம் கேட்கும் 'டக்' என்ற ஒலியாகிறது. பெரும்பகுதி குண்டை நசுக்கி, அதையும் தகட்டையும் சூடாக்குகிறது. முழுச் சக்தியும் குண்டிலேயே தங்கினால் அதன் வெப்பநிலை எவ்வளவு உயரும்? ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு 128 ஜூல்/பாகை செல்சியஸ். 7.7 ÷ (0.00053 × 128) = சுமார் 113 பாகை. ஈயம் உருகுவது 327 பாகையில். ஆகவே குண்டு சுடும், ஆனால் உருகாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

குண்டு மோதும்போது மிக நுண்ணிய ஈயத் தூளும் உண்டாகிறது. ஈயம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சு. வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது கூடுதல் தீங்கு. இவ்வளவு ஈயம் உடலில் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எனவே உள்ளரங்கச் சுடுதளத்தில் காற்றோட்டம் வேண்டும். அங்கே உண்ணவோ குடிக்கவோ கூடாது. பெட்டியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். குண்டைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

துப்பாக்கி இல்லாமல் செய்து பார்ப்போம்

தேவையானவை: ஒரு கண்ணாடிக் கோலி, நான்கு டின்கள், மணல், மாவு, பழைய துணி, அளவுகோல்.

1. ஒரு டின்னைக் காலியாக விடுங்கள். மற்ற மூன்றில் மணல், மாவு, மடித்த துணி ஆகியவற்றை 8 சென்டிமீட்டர் உயரத்திற்கு நிரப்புங்கள்.
2. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கோலியை ஒவ்வொரு டின்னிலும் விடுங்கள். 5 கிராம் கோலியின் சக்தி சுமார் 0.05 ஜூல். ஈயக் குண்டின் சக்தி இதைப்போல் 150 மடங்குக்கும் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.
3. கோலி எவ்வளவு ஆழம் இறங்கியது, எவ்வளவு உயரம் எம்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. 0.05-ஐ ஆழத்தால் (மீட்டரில்) வகுத்து, சராசரி விசையைக் கண்டுபிடியுங்கள். மாவில் 2 சென்டிமீட்டர் இறங்கினால் விசை 2.5 நியூட்டன்.
5. காலி டின்னின் அடியில் ஒரு மரத்துண்டைச் சாய்த்து வைத்து மீண்டும் விடுங்கள். கோலி எந்தப் பக்கம் திரும்புகிறது?

சிந்திக்க:
- குண்டின் வேகம் இரண்டு மடங்கானால், அதே விசையில் அதை நிறுத்த எத்தனை மடங்கு ஆழமான துணி தேவை?
- காரின் முன்பகுதி மோதும்போது நசுங்கும்படி வடிவமைக்கப்படுவது ஏன்?

அந்த மாணவன் மறுவாரம் புதிய படத்தோடு வந்தான். இரும்புத் தகடு சாய்ந்திருந்தது. அதன் முன்னால் கம்பளம் தொங்கியது. துப்பாக்கி இருந்த இடத்தில் ஒரு சாய்வுக் குழாயும் கோலியும் இருந்தன. பள்ளியின் அறிவியல் விழாவுக்கு அதையே செய்யப் போகிறானாம். "சுடறதுக்கு?" என்று கேட்டேன். "அப்பாகிட்ட மன்றத்துல சேர்த்துவிடச் சொல்லியிருக்கேன், டீச்சர்" என்றான்.